இரண்டு டர்ன்டேபிள், ஒரு வேன்: டிஸ்கோ காலத்தில் டிஜே ஆனவர்கள்

1970-ஆம் ஆண்டு, நியூயார்க். இருபது வயதுப் பையன் ஒருவனுக்கு டிஜே ஆக வேண்டும் என்று ஆசை வருகிறது. என்ன செய்வான்?

இன்றைக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். ஒரு லேப்டாப், ஒரு சின்ன கன்ட்ரோலர், யூடியூபில் நாலு பாடம். 1970-ல் இதில் எதுவும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய இல்லாமை ஒன்று இருந்தது. அப்படி ஒரு தொழிலே இல்லை. டிஜே என்றால் வானொலி நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து பேசுகிறவர். கிளப்பில் தட்டு மாற்றிப் போடுகிற ஆள், கோட்டு வாங்கி மாட்டும் பையனுக்குச் சமமான சிப்பந்தி. கடையில் அவனுக்கென்று ஒரு கருவி விற்கவில்லை. இசைத்தட்டு கம்பெனிகளுக்கு அவன் இருப்பதே தெரியாது.

அடுத்த பத்து வருடத்தில் இது அத்தனையும் மாறியது. எப்படி மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை. எனக்கு நிரல் எழுதுவது பிழைப்பு. பழைய தொழில்நுட்ப வரலாற்றைத் தோண்டுவது பொழுதுபோக்கு. டிஸ்கோ பற்றிப் படிக்க ஆரம்பித்தது பாட்டுக்காக. படிக்கப் படிக்க, இது பாட்டைப் பற்றிய கதை மட்டுமில்லை என்று தோன்றியது. கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு தொழிலை உண்டாக்கியவர்களின் கதை இது.

மாதா கோயில் பீடத்தில் ஒரு டிஜே

முதலில் ஃபிரான்சிஸ் கிராசோ. புரூக்ளின்காரர். மோட்டார்சைக்கிள் விபத்தில் அடிபட்டு, காலுக்குப் பயிற்சியாக இருக்கும் என்று நடனத்துக்கு வந்தவர். 1968 வாக்கில் 'சால்வேஷன் டூ' என்ற கிளப்புக்கு ஆடப் போயிருந்தபோது, அங்கே தட்டு போடுகிற டெர்ரி நோயல் நேரத்துக்கு வரவில்லை. நீ போடுகிறாயா என்று கேட்டார்கள். போட்டார். ராத்திரி முடிவதற்குள் வேலை இவருக்கு வந்துவிட்டது.

அவர் பெயர் நிலைத்தது 'சாங்சுவரி' என்ற இடத்தில். மேற்கு 43-ஆம் தெருவில் இருந்த பழைய ஜெர்மன் பாப்டிஸ்ட் தேவாலயம் அது. வழிபாடு நின்றுபோன கட்டடத்தை நடன அரங்காக மாற்றியிருந்தார்கள். பீடம் இருந்த இடத்தில்தான் டர்ன்டேபிள்கள். 1971-ல் வந்த 'க்ளூட்' படத்தில் இந்த அரங்கைப் பார்க்கலாம்.

கிராசோ செய்தது என்ன? அதுவரை ஒரு பாட்டு முடியும், ஆடுகிறவர்கள் நிற்பார்கள், அடுத்தது ஆரம்பிக்கும். அந்த இடைவெளியை அவர் ஒழித்தார். ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றை ஹெட்ஃபோனில் கேட்டு, தொடங்க வேண்டிய இடத்தில் ஊசியை வைத்து, தட்டைக் கையால் பிடித்துக்கொள்வார். அடியில் சுழல்மேடை ஓடிக்கொண்டே இருக்கும். சரியான தாளத்தில் கையை எடுத்தால் தட்டு உடனே வேகம் பிடித்து ஓடும். வானொலி நிலையங்களில் புழங்கிய உத்தி இது. கிளப்பில் அதை வைத்துப் பாட்டின் மேல் பாட்டை ஏற்றலாம் என்று காட்டியவர் கிராசோ. சிகாகோ குழுவின் 'ஐயம் எ மேன்' பாட்டில் வருகிற முரசுப் பகுதியின் மேல் லெட் செப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' குரலை அவர் ஏற்றிப் போட்டது இன்றும் பேசப்படுகிறது. தெரிந்ததை மறைத்து வைக்கவும் இல்லை. மைக்கேல் கப்பெல்லோ, ஸ்டீவ் டிஅக்விஸ்டோ இருவரும் அவரிடம் கற்றவர்கள்தான். பள்ளிக்கூடம் இல்லாத தொழிலுக்கு அவர்தான் முதல் வாத்தியார்.

கணக்கு என்ன சொல்கிறது?

இது எவ்வளவு கஷ்டம் என்று புரிய ஒரு சின்ன கணக்கு. ஒரு பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தாளம் என்று வைத்துக்கொள்வோம். அரை விநாடிக்கு ஒரு அடி. அடுத்த பாட்டு 121. ஒரே ஒரு அடிதான் வித்தியாசம். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கிவிட்டால் 15 விநாடியில் கால் அடி விலகியிருக்கும். 30 விநாடியில் அரை அடி. அதாவது ஒன்றின் அடி விழுகிற இடத்துக்கும் அடுத்த அடிக்கும் நட்டநடுவில் மற்றதன் அடி விழும். கேட்பவர் காதுக்கு இரண்டு குதிரை ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடுவது போல இருக்கும். ஆடுகிறவன் கால் பின்னும்.

சரி, வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாமே? இசைத்தட்டில் வேகத்தை மாற்றினால் சுருதியும் சேர்ந்து மாறும். 6 சதவீதம் வேகம் கூட்டினால் பாட்டு ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். அதனால் நிறைய மாற்ற முடியாது. எந்தப் பாட்டு எந்தப் பாட்டுக்குப் பக்கத்து வேகம் என்பது மண்டைக்குள் இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்துப் பாட்டில் டிரம்ஸ் வாசித்தது மனிதர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டின் தாள வேகத்தை அளந்து கோடு போட்டுக் காட்டும் சின்ன நிரல் ஒன்று எழுதி, 70-களின் பாட்டுகளைக் கொடுத்துப் பார்த்தேன். கோடு நேராகவே இல்லை. பல்லவியில் லேசாக ஏறும், நடுவில் இறங்கும், உற்சாகம் வந்தால் மறுபடி ஏறும். அதே நிரலுக்கு 1977-ல் டோனா சம்மர் பாடி ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலோட்டும் சிந்தசைசரில் அமைத்த 'ஐ ஃபீல் லவ்' கொடுத்தால் கோடு ஸ்கேல் வைத்தது போல வருகிறது. ஆக, 70-களின் தொடக்கத்தில் டிஜே ஆனவன் ஓடுகிற இரண்டு மாட்டு வண்டியை ஓரே வேகத்தில் பிடித்து வைத்திருந்தான். பாட்டு முழுக்க விரல் தட்டின் ஓரத்திலேயே இருக்க வேண்டும். லேசுப்பட்ட காரியமில்லை.

கருவி செய்து கொடுத்தவர்

இரண்டு தட்டையும் கலக்க மிக்சர் வேண்டும். கடையில் கிடையாது என்று சொன்னேன் இல்லையா? செய்து கொடுத்தவர்களில் முக்கியமானவர் அலெக்ஸ் ரோஸ்னர் என்ற ஒலிப் பொறியாளர்.

இவர் பின்னணி தெரிந்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தில் நாஜி அதிகாரியின் விருந்தில் வயலின் வாசிக்க வைக்கப்படும் யூதக் கலைஞர் நினைவிருக்கிறதா? ஹென்றி ரோஸ்னர். அவர் மகன்தான் இந்த அலெக்ஸ். சிறுவனாக ஆஷ்விட்சையும் டகாவ் முகாமையும் தாண்டி உயிர் பிழைத்து அமெரிக்கா வந்தவர். கால் நூற்றாண்டு கழித்து நியூயார்க்கில் ஜனங்கள் விடிய விடிய ஆடுவதற்கான ஒலி அமைப்புகளைச் செய்துகொண்டிருந்தார்.

கிராசோவுக்காக 1971 வாக்கில் அவர் கையால் செய்த ஸ்டீரியோ மிக்சர் சிவப்பு நிறம். 'ரோஸி' என்று பெயர். ஒரு தட்டு வெளியே கேட்கும்போது மற்றதை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும் வசதி அதில் இருந்தது. அந்த அனுபவம் போய்ச் சேர்ந்த இடம் போசாக் கம்பெனியின் கிளப் மிக்சர். பல வருடங்களுக்குப் பெரிய கிளப்புகளில் அதுதான் ராஜா.

டர்ன்டேபிள் கதையும் இதே மாதிரிதான். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வெளிவந்தது 1972-ல். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்களுக்காகச் செய்தது. ரப்பர் பெல்ட் இல்லாமல் மோட்டாரே மேடையை நேராகச் சுற்றியதால் சட்டென்று வேகம் பிடித்தது, கையால் பிடித்தாலும் திணறவில்லை. டிஜேக்கள் அதைத் தங்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். 1979-ல் வந்த அடுத்த வடிவத்தில் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டிக் குறைக்க நீளமான தள்ளுபட்டை வந்தது. பயனர் என்ன செய்கிறார் என்று பார்த்து அதற்கேற்ற மாதிரி பொருளை மாற்றுவது பற்றி எங்கள் துறையில் மணிக்கணக்கில் கூட்டம் போடுவோம். இங்கே பயனர் முதலில் தொழிலை உண்டாக்கினார், கம்பெனி பின்னால் ஓடி வந்தது.

தட்டு எங்கிருந்து வரும்?

கருவி ஒரு செலவு. வாராவாரம் புதுத் தட்டு வாங்குவது அதைவிடப் பெரிய செலவு. இந்த இடத்தில் டேவிட் மன்குசோ வருகிறார். 1970 பிப்ரவரி 14 அன்று, 647 பிராட்வேயில் தான் குடியிருந்த பழைய தொழிற்கூட மாடியில் நண்பர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். அது வாராவார விருந்தாகி, 'த லாஃப்ட்' என்று பெயரெடுத்தது. அழைப்பு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். மது விற்பனை கிடையாது. கறுப்பர், லத்தீனோ, வெள்ளையர், ஓரினச் சேர்க்கையாளர் என்று எல்லோரும் கலந்து ஆடிய இடம். இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடினால் போலீஸ் வரக்கூடிய ஊரில், ஸ்டோன்வால் கலகம் நடந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில், இப்படி ஒரு இடம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புரூக்ளினில் மேற்கிந்தியத் தீவு மக்களுக்கான ஒரு கடையில் மன்குசோ கண்டெடுத்த தட்டு, கேமரூன் நாட்டு மனு டிபாங்கோவின் 'சோல் மகோசா'. லாஃப்டில் தொடங்கி, மற்ற டிஜேக்கள் தேடி அலைந்து, வானொலிக்குப் போய், 1973-ல் பில்போர்டு பட்டியலிலேயே ஏறியது. 1974-ல் பாரி வைட்டின் 'லவ்ஸ் தீம்' முதலிடம் பிடித்ததிலும் கிளப்புகளின் பங்கு பெரிது. அதே வருடம் உலகமெல்லாம் ஓடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' பாட்டைத் தயாரித்தவர் நம்ம பெங்களூரில் பிறந்த பித்து. தட்டின் இரண்டாம் பக்கத்தை நிரப்பப் பதிவு செய்த பாட்டு அது.

ஆக, வானொலி இல்லாமலே பாட்டை ஓட வைக்கும் சக்தி இந்தச் 'சிப்பந்தி'களுக்கு இருந்தது. அப்படியும் கம்பெனிகள் அவர்களை வாசலில் காக்க வைத்தன. 1975-ல் மன்குசோவும் டிஅக்விஸ்டோவும் வேறு சிலரும் சேர்ந்து 'ரெக்கார்டு பூல்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். இடம், லாஃப்டின் புது முகவரியான 99 பிரின்ஸ் தெரு. கம்பெனி புதுத் தட்டுகளை மொத்தமாக இங்கே கொடுக்கும். உறுப்பினர்கள் இலவசமாக எடுத்துக்கொள்வார்கள். பதிலுக்கு எந்தப் பாட்டுக்குக் கூட்டம் ஆடியது, எதற்கு நகர்ந்தது என்று எழுதிக் கொடுப்பார்கள். கொஞ்ச காலத்தில் அமெரிக்கா முழுக்க இப்படிப் பூல்கள் முளைத்தன. புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய கதவு! ஒரு தொழிற்சங்கத்தின் வேலையைப் பாதி செய்த அமைப்பு என்றே சொல்லலாம்.

தட்டே பெரிதானது

அடுத்த தலைவலி, பாட்டின் நீளம். 7 அங்குலத் தட்டில் மூன்று நிமிடம், மிஞ்சினால் நாலு. கூட்டம் சூடு பிடிக்கும்போது பாட்டு முடிந்துவிடும். டாம் மோல்டன் என்பவர் பாட்டுகளை டேப்பில் வெட்டி ஒட்டி நீளமாக்க ஆரம்பித்தார். ஒருமுறை தட்டு வெட்டும் இடத்தில் 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோய், பெரிய தட்டில் வெட்ட வேண்டி வந்தது. இடம் நிறைய இருந்ததால் பள்ளங்களை அகலமாக விட முடிந்தது. சத்தமும் பாஸும் அறையை நிரப்பின. பாஸ் அதிகமானால் பள்ளம் அதிகம் வளையும், அதற்கு அகலம் வேண்டும். சின்னத் தட்டில் நீளத்தைக் கூட்டினால் சத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பெரிய தட்டில் இரண்டுமே கிடைக்கும்.

1976-ல் சால்சோல் கம்பெனி டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பர்சென்ட்' பாட்டை 12 அங்குலத் தட்டாகக் கடைக்கே கொண்டுவந்தது. அப்படி விற்பனைக்கு வந்த முதல் 12 அங்குல சிங்கிள் என்று அதைத்தான் சொல்வார்கள். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும்படி அதை மாற்றியமைத்தவர் வால்டர் கிப்பன்ஸ், கிளப் டிஜே. தட்டு போடுகிற ஆள் ஸ்டூடியோவுக்குள் போய்ப் பாட்டையே மாற்றி எழுதிய தருணம் அது.

வேனில் வந்தவர்கள்

இதுவரை சொன்னது கிளப் டிஜே கதை. அவர்களுக்கு இடம் இருந்தது, ஒலி அமைப்பு முதலாளியுடையது. இன்னொரு வகை இருந்தது. மொபைல் டிஜே. நம்ம ஊர் மைக்செட்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், தட்டுப் பெட்டி எல்லாம் சொந்தம். கல்யாணம், பிறந்தநாள், ஹோட்டல் அரங்கு, பூங்கா என்று கூப்பிட்ட இடத்துக்கு ஏற்றி இறக்கிப் போக வேண்டும்.

நியூயார்க்கின் கறுப்பர் பகுதிகளில் 70-களில் இவர்கள்தான் நட்சத்திரங்கள். புரூக்ளினில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளவர்ஸ், பிளம்மர், மபோயா. குவீன்ஸில் கிங் சார்லஸ். பிராங்ஸிலும் மன்ஹாட்டனிலும் பீட் டிஜே ஜோன்ஸ். மன்ஹாட்டன் கிளப்பில் நிறத்துக்கும் உடைக்கும் வாசலில் தடை இருந்தபோது, நடனத்தைத் தெருவுக்கே கொண்டுவந்தவர்கள் இவர்கள். ஃபிளவர்ஸ் பாட்டுக்குப் பாட்டு தையல் தெரியாமல் கலப்பதில் பேர்போனவர். 'கிராண்ட்மாஸ்டர்' என்ற பட்டம் ஹிப்ஹாப்புக்கு முன்னால் இவர் பெயரில்தான் ஒட்டிக்கொண்டது.

கிளப் டிஜேவைவிட இவர்கள் வேலை கடினம். கிளப்பில் வருகிற கூட்டம் டிஜேவைத் தெரிந்து வரும். கல்யாண வீட்டில் பாட்டியும் இருப்பார், பதினாறு வயதுப் பையனும் இருப்பான். இரண்டு பேரையும் ஆட வைக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் சுவர் வேறு, எதிரொலி வேறு, மின்சாரம் வேறு. ஒரு ஃபியூஸ் போனால் அன்றைய பெயரும் போச்சு.

பிராங்ஸில் கதை கொஞ்சம் வேறு பக்கம் திரும்பியது. 1973 ஆகஸ்ட் 11, 1520 செட்ஜ்விக் அவென்யூ. கிங்ஸ்டனிலிருந்து வந்த குடும்பத்தின் பையன் கூல் ஹெர்க், தங்கை சிண்டி கேம்ப்பெல் நடத்திய விருந்தில் தட்டு போட்டார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவு. பாட்டின் முரசுப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டும் அவருடைய வழிதான் ஹிப்ஹாப்பின் விதை.

அந்த வழியை நுட்பமாக்கியவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். பீட் டிஜே ஜோன்ஸின் கருவிகளில் ஒருநாள் வாசிக்கக் கிடைத்தபோதுதான், அடுத்த தட்டை ஹெட்ஃபோனில் முன்கூட்டியே கேட்கலாம் என்பது அவருக்குத் தெரிந்தது. அந்த வசதியுள்ள மிக்சர் வாங்கக் காசில்லை. ஒரு ஸ்விட்சையும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் வைத்து அவரே ஒட்டுப்போட்டுச் செய்துகொண்டார். ரோஸ்னர் கிராசோவுக்குச் செய்து கொடுத்த அதே வசதி, பிராங்ஸில் இன்னொரு முறை, பழைய சாமானிலிருந்து பிறந்தது. இரண்டு ஊர்கூட இல்லை, ஒரே ஊர். சுரங்க ரயிலில் போய்விடக்கூடிய தூரம். ஆனால் அந்த அறிவு கீழேயிருந்து மேலே போக வழி இருந்ததே தவிர, மேலேயிருந்து கீழே வர வழி இல்லை.

ஏற்றமும் எரிப்பும்

1977 ஏப்ரலில் ஸ்டூடியோ 54 திறந்தது. டிசம்பரில் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' வந்தது. அதற்கு மூலமான 1976-ஆம் வருடத்துப் பத்திரிகைக் கட்டுரை பெரும்பாலும் கற்பனை என்று எழுதிய நிக் கோனே பிற்பாடு ஒப்புக்கொண்டார். படம் பார்த்தவர்களுக்கு டிஸ்கோ என்றால் வெள்ளை சூட் போட்ட ஜான் டிரவோல்டாதான். கிராசோவும் இல்லை, மன்குசோவும் இல்லை, ஃபிளவர்ஸ் சுத்தமாக இல்லை.

1979 ஜூலை 12, சிகாகோ கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். வானொலி நிலையம் டிஸ்கோவுக்கு மாறியதால் வேலை போன ஸ்டீவ் டால் என்ற வானொலி டிஜே, டிஸ்கோ தட்டுகளை வெடி வைத்துத் தகர்க்கும் நிகழ்ச்சியை நடத்தினார். ஒரு தட்டு கொண்டுவந்தால் 98 சென்டில் நுழைவு. வெடித்ததும் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாம் ஆட்டம் ரத்தாகி, எதிரணிக்கு வெற்றி கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ் கவனித்த ஒரு விஷயம் உண்டு. கொண்டுவரப்பட்டவற்றில் நிறைய டிஸ்கோவே இல்லை, வெறுமனே கறுப்பர்கள் பாடிய தட்டுகள். அதே லாரன்ஸ் சில வருடங்களில் ஹவுஸ் இசையின் முன்னோடிகளில் ஒருவரானார். அதே சிகாகோவில், 1977-லேயே நியூயார்க்கிலிருந்து வந்துவிட்ட ஃபிராங்கி நக்கிள்ஸ் 'வேர்ஹவுஸ்' கிளப்பில் தட்டு போட்டுக்கொண்டிருந்தார். ஹவுஸ் என்ற பெயரே அந்தக் கிளப்பிலிருந்து வந்ததுதான். மைதானத்தில் எரித்தார்கள், சில மைல் தள்ளி அது வேறு பெயரில் வளர்ந்துகொண்டிருந்தது.

யாருடைய பெயர் மிஞ்சியது?

வரலாறு காகிதத்தையும் தட்டையும் நம்பி எழுதப்படுகிறது. ஸ்டூடியோவுக்குள் போன மோல்டன், கிப்பன்ஸ் பெயர்கள் தட்டின் லேபிளில் அச்சாகியிருக்கின்றன. ரெக்கார்டு பூல் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. கிளப் முகவரிகள் நகராட்சி ஆவணங்களில் இருக்கின்றன. மொபைல் டிஜேக்கோ முகவரியே கிடையாது. அன்றைக்கு ராத்திரி எங்கே வேன் நின்றதோ அதுதான் முகவரி. ஃபிளவர்ஸ் 1992-ல் இறந்தார். அவர் கையால் கலந்த இசையில் இன்று நாம் கேட்கக் கிடைப்பது மிகச் சொற்பம். அவரைப் பற்றித் தெரிவதில் பெரும்பகுதி, அன்றைக்கு அங்கே ஆடியவர்களும் அவரைப் பார்த்துத் தொழில் கற்றவர்களும் பேட்டிகளில் சொன்னது.

அந்தப் பேட்டிகளை எடுத்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் இல்லாதவர்கள். இசைப் பைத்தியங்கள், பழைய டிஜேக்கள், ஒரு டேப் ரெக்கார்டரோடு வயதானவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள். ஆடியவர்களுக்கு இப்போது எழுபது வயதாகிறது. உங்கள் ஊரில் மைக்செட் வைத்திருந்த பெரியவர் யாராவது இருந்தால், எந்த ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தார், முதல் தட்டு எந்தக் கடையில் வாங்கினார், எந்தக் கல்யாணத்தில் ஃபியூஸ் போனது என்று ஒரு மணி நேரம் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். அவர் தொழிலுக்கும் லேபிள் கிடையாது.